சொல்லை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரை கவிதை நயம் கற்பித்தல்

கேள்வி: ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கவிதையை ஆராயக் கற்றுத்தர வேண்டும். ஒரு பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொன்னால் எல்லோரும் ‘கவிஞர் மிக அழகாகக் கூறியுள்ளார்’ என்று ஒரே மாதிரி எழுதுகிறார்கள். எதுகை, மோனையை அடிக்கோடிடத் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது? எப்படி மதிப்பிடுவது?

பதில்:

நீங்கள் சொல்லும் அந்த வாக்கியத்தை எத்தனையோ ஆண்டுகளாக விடைத்தாள்களில் படித்து வருகிறேன். அதை எழுதும் பிள்ளைமேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பாராட்டு என்று கேட்டோம், பாராட்டிவிட்டது. எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நாம் காட்டவில்லை. பொழிப்புரையை எழுதிப்போட்டோம், அணியின் பெயரைச் சொன்னோம், மனப்பாடம் செய்யச் சொன்னோம். பாட்டுக்குள் அந்தப் பிள்ளை தானாக ஒன்றைக் கண்டுபிடிக்க நாம் இடமே விடவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கருவிதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருபவை. பாட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே பொருள் தரும் வேறு சொல்லை அங்கே போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ‘என்ன போச்சு?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கவிதையை ஆராயத் தெரியும். பத்து வயதுப் பிள்ளையாலும் இதைச் செய்ய முடியும்.

பாரதியின் சிறு பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இதைக் காட்டுகிறேன். வகுப்பில் முதல் நாள் கவிஞர் பெயரைச் சொல்லாமல் பலகையில் எழுதுவேன்.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் – அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்;
வெந்து தணிந்தது காடு, – தழல்
வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?
தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்.

இருமுறை வாய்விட்டுப் படிப்பேன். அக்கினி, தழல் இரண்டும் நெருப்பு, மூப்பு முதுமை, பொந்து மரத்தில் உள்ள துளை என்று பொருளை உடனே சொல்லிவிடுவேன். அருஞ்சொல்லை ஊகிக்கவிட்டு நேரத்தைக் கரைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்டுபிடிக்க வேண்டியது அகராதியில் கிடைக்காதது. அதற்குத்தான் பிள்ளைகளின் தெம்பைச் சேர்த்துவைக்க வேண்டும்.

பிறகு ‘குஞ்சு’ என்பதை அழித்துவிட்டு ‘துளி’ என்று எழுதுவேன். ‘அக்கினித் துளியொன்று கண்டேன்.’ ஓசை ஏறக்குறைய சரியாகவே வருகிறது. பொருளும் வருகிறது, சின்ன நெருப்பு. என்ன போச்சு?

முதலில் ஒரு அமைதி இருக்கும். அந்த அமைதியை உடைக்காதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு வினாடிதான் என்று கண்டார். அதை 3 வினாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். கவிதை வகுப்பில் 3 போதாது. நான் மனதுக்குள் பத்துவரை எண்ணுவேன்.

பிறகு ஒரு கை உயரும். ‘குஞ்சுன்னா உயிர் இருக்கும், துளிக்கு உயிர் இல்லை.’ இன்னொன்று: ‘குஞ்சு வளரும்.’ மூன்றாவது பிள்ளை, பெரும்பாலும் பின்வரிசையில் இருந்து: ‘குஞ்சுன்னாத்தானே பொந்துல வைக்க முடியும்?’ இந்த மூன்றாவது பதில் வரும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். முதல் வரியின் சொல்லும் இரண்டாம் வரியின் சொல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதை அந்தப் பிள்ளை பார்த்துவிட்டது. பறவைக் குஞ்சை அதன் இடத்தில் கொண்டுபோய் வைக்கும் பரிவோடு ஒருவர் நெருப்பைக் கொண்டுபோய் மரத்தில் வைக்கிறார். துளி என்றால் இந்தக் காட்சியே இல்லை.

அடுத்து ‘வைத்தேன்’ என்பதை ‘எறிந்தேன்’ ஆக்குவேன். இப்போது கைகள் உடனே உயரும். எறிந்தால் கோபம், வைத்தால் கோபம் இல்லை. அப்படியானால் காட்டை எரித்தவருக்குக் கோபம் இல்லையா? விவாதம் தொடங்கிவிடும். நீங்கள் ஒதுங்கி நின்று கேட்டால் போதும்.

மூன்றாவது வரிக்கு வேறு வகைக் கேள்வி தேவை. ‘காடு எரிவதை இந்தப் பாட்டு எங்கே சொல்கிறது?’ தேடிப் பார்ப்பார்கள். குஞ்சை வைத்ததும் ‘வெந்து தணிந்தது காடு’ என்று வந்துவிடுகிறது. எரியும் மரம் இல்லை, புகை இல்லை, ஓடும் விலங்கு இல்லை. மூன்றே சொல்லில் முழுக் காடும் முடிந்து, ஆறியும் போய்விட்டது. ஏன் இவ்வளவு வேகம்? ஒரு மாணவி சொன்னாள்: ‘குஞ்சு எவ்வளவு பெரிசுன்னு நாம நினைக்கிறதுக்குள்ளேயே முடிஞ்சிடுது. அதான் அடுத்த வரியில குஞ்சென்ன மூப்பென்னன்னு கேக்கிறார்.’ சொல்லாமல் விட்டதையும் கவனிக்க முடியும் என்று அன்று அந்த வகுப்பு கற்றுக்கொண்டது. எந்த உரைநூலைப் படித்தும் அது அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

கடைசி வரிக்கு அகராதிப் பொருளே இல்லை, அது தாளச் சொற்கட்டு. அதை எடுத்துவிட்டு நாலு வரியோடு நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். பாட்டு ஒரு கேள்வியோடு நின்றுபோகும். வரியைத் திரும்பச் சேர்த்தால் யாரோ ஆடத் தொடங்குகிறார்கள். ஆடுவது நெருப்பா, வைத்தவரா? இதற்கு இரண்டு பதிலும் பொருந்தும். ஒன்றுக்கு மேற்பட்ட பதில் பொருந்தும் இடங்களும் பாட்டில் உண்டு என்பதை எட்டாம் வகுப்புக்கு முன்பே பிள்ளைகள் ஒருமுறையாவது அனுபவித்திருக்க வேண்டும்.

கவிஞர் பெயரை மறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘பாரதி, விடுதலைக் கவிஞர்’ என்று தொடங்கினால் அடுத்த நொடியே எல்லாக் கைகளும் உயரும். குஞ்சு விடுதலை, காடு அடிமைத்தனம், வேலை முடிந்தது. பாட்டையே யாரும் பார்க்க மாட்டார்கள். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தன் மாணவர்களிடம் கவிஞர் பெயரும் காலமும் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து எழுதச் சொல்லி, வந்த விடைகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். நன்கு படித்த அந்த மாணவர்களே தடுமாறினார்கள். தடுமாற்றத்துக்கு அவர் கண்ட காரணங்களில் ஒன்று, கைவசம் ஆயத்தமாக இருக்கும் உணர்ச்சியைக் கவிதைமேல் போட்டுவிடுவது. நம் ‘மிக அழகாகக் கூறியுள்ளார்’ அந்த வகைதான். ஆகவே பெயரும் வரலாறும் இரண்டாம் பாடவேளையில் வரட்டும். 1882இல் பிறந்து 1921இல், நாடு விடுதலை அடைவதற்கு முன்பே மறைந்தவர் எழுதியது என்று அப்போது சொன்னால், அந்தச் செய்தி ஏற்கெனவே பார்த்து வைத்த குஞ்சையும் பொந்தையும் இன்னும் ஒளிர வைக்கும். விடுதலை என்ற பொருளும் அப்போது பாட்டுக்குள்ளிருந்தே எழுந்து வரும்.

இனி வயது வேறுபாடு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே பாட்டைக் கொடுக்கலாம், ஒரே கேள்வியைக் கொடுக்கக் கூடாது. ஒன்பது, பத்து வயதில் கவிதை முதலில் வாயிலும் காதிலும் நடக்கிறது. அங்கே எழுத்து வேலை கூடவே கூடாது என்பேன். படிக்கட்டும், கைதட்டட்டும், நடித்துக் காட்டட்டும், ஒரு சொல்லைப் பற்றிப் பேசட்டும். பதினொன்று, பன்னிரண்டில் ‘இதைப் பேசுவது யார், யாரிடம், எந்தக் குரலில்?’ என்ற கேள்வி பிடிபடத் தொடங்கும். பதின்மூன்றில் பாட்டு எங்கே திரும்புகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கலாம்.

ஓசைக்கு ஒரு செயல்பாடு சொல்கிறேன், ஐந்தாம் வகுப்பில் இது தோற்றுப்போய் நான் பார்த்ததில்லை. குறளில் துறவு அதிகாரத்தின் முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள், 341.

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்.

ஒவ்வொருவரும் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்கட்டும். என்ன நடக்கிறது? ஒரு இடத்தில்கூட உதடுகள் ஒட்டவில்லை. இப்போது அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், 350.

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு.

உதடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ‘பற்று’ ஆறு முறை வருகிறது, ஆறு முறையும் உதடு சேர்கிறது. இதன் பிறகுதான் பொருளைச் சொல்லுங்கள். முதல் குறள், எதை விட்டு விலகினாயோ அதனால் உனக்குத் துன்பம் இல்லை என்கிறது. இரண்டாவது, பற்றுகளை விடுவதற்காகப் பற்றில்லாதவனைப் பற்றிக்கொள் என்கிறது. விலகு என்னும்போது உதடு விலகியிருக்கிறது, பற்று என்னும்போது பற்றுகிறது! வகுப்பில் எழும் ஆரவாரத்தை நீங்கள் கேட்க வேண்டும். ஒருமுறை ஒரு சிறுமி எழுந்து, ‘கடைசிச் சொல்லில் மட்டும் உதடு ஒட்டலை. அது விடற்கு’ என்றாள். வகரத்துக்கு மேற்பல்தான் கீழுதட்டைத் தொடும், உதடுகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. இரு குறள்களின் உதட்டு வேறுபாட்டைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசிச் சொல்லை எனக்குக் காட்டியது அந்தச் சிறுமிதான்.

இந்த இடத்தில் ஒரு பெரிய பிள்ளை, ‘வள்ளுவர் வேணும்னே இப்படிச் செஞ்சாரா?’ என்று கேட்டால் கேள்வியை மதியுங்கள். குறளை வைத்துக்கொண்டு அதை நிறுவ முடியாது. உதடு என்ன செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே ‘கவிஞர் நினைத்தார்’ என்று எழுதாமல் ‘இந்தப் பாட்டில் இது நடக்கிறது’ என்று எழுதப் பழக்குங்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் பாட்டைக் கவனிக்கும் பழக்கம் இதிலிருந்துதான் வளர்கிறது.

எதுகை மோனையும் இப்படித்தான். அடிக்கோடிட்டதும் நிறுத்திவிடுகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது மிகச் சரி. அடிக்கோடு போட்டபின் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்த ஓசை எந்த இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டுகிறது? அப்படிக் கட்டுவதால் என்ன? நூறாவது குறளைப் பாருங்கள்.

இனிய உளவாக இன்னாத கூறல்
கனியிருப்பக் காய்கவர்ந் தற்று.

இனிய, கனி எதுகை. இனிமையும் கனியும் ஓசையிலேயே உறவாகிவிட்டன. இனிய, இன்னாத மோனை. நேரெதிர்ப் பொருள் உள்ள இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் எதிர்ப்பு இன்னும் கூர்மையாகிறது. கனி, காய், கவர்ந்து மூன்றும் அடுத்தடுத்து இடிக்கின்றன. இவ்வளவு சொல்ல முடிந்தால் எதுகை மோனை தெரியும் என்று பொருள். அடிக்கோடு மட்டும் போட்ட பிள்ளைக்கு எழுத்துகளை அடையாளம் காணத் தெரியும், அவ்வளவே.

இதே குறளில் ‘கவர்ந்து’ என்ற சொல்லை ஒரு ஆறாம் வகுப்பில் மாற்றச் சொன்னேன். ‘தின்றது போல’, ‘பறித்தது போல’, ‘எடுத்தது போல’ என்று வந்தன. கவர்தலில் ஒரு ஆசை இருக்கிறது, பாய்ந்து பிடிக்கும் வேகம் இருக்கிறது என்றார்கள். கடுஞ்சொல் பேசுகிறவன் தெரியாமல் பேசவில்லை, விரும்பி அதை எடுத்துக்கொள்கிறான். அப்போது ஒரு மாணவன், ‘காய்தானே பழுக்கும்? கொஞ்சம் பொறுத்திருந்தா அந்தச் சொல்லே இனிமையா ஆகியிருக்கும். அவன் பொறுக்கலை’ என்றான். எவ்வளவு நல்ல கவனிப்பு! நான் பாராட்டிவிட்டு, ‘குறள் இதற்கு இடம் தருகிறதா, ஒவ்வொரு சொல்லாகப் பார்’ என்றேன். அவனே விரலை நகர்த்திக்கொண்டு போய் ‘இருப்ப’ என்ற இடத்தில் நின்றான். கனி ஏற்கெனவே கையருகில் இருக்கிறது. காத்திருக்கத் தேவையே இல்லை. அப்படியானால் காயை எடுத்தவனின் அறியாமை இன்னும் பெரியது என்று அவனே திருத்திக்கொண்டான். தன் எண்ணத்தைப் பாதி வைத்துக்கொண்டு, பாதியைப் பாட்டுக்காக விட்டுக்கொடுத்தான்.

‘கவிதைக்கு எந்தப் பொருளும் சொல்லலாம், எல்லாம் சரிதான்’ என்று சிலர் அன்பினால் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. எல்லாம் சரி என்றால் பிள்ளை எதற்காகத் திரும்பிப் படிக்க வேண்டும்? ‘இதற்கு ஒரே பொருள்தான், அது உரைநூலில் இருக்கிறது’ என்பதும் அதே அளவு தவறு. அந்த மாணவன் செய்ததுதான் வழி. ‘எந்தச் சொல்லில் தெரிகிறது? மற்றச் சொற்கள் ஒத்துக்கொள்கின்றனவா?’ என்ற இரண்டு கேள்விகளையும் ஆண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தால், சில மாதங்களில் பிள்ளைகளே ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவார்கள்.

உவமைக்குத் தொல்காப்பியம் கொடுத்த கருவியை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே’ என்று உவமை பிறக்கும் இடங்களை நாலாகச் சொல்லிவிட்டது. வினை செயல், பயன் விளைவு, மெய் வடிவம், உரு நிறம். புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல். மழை போன்ற கை என்றால் பயன். வில் போன்ற புருவம் என்றால் வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் நிறம். இதை ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லலாம். ‘உவமை அணி’ என்று பெயரிட்டு முடிப்பதைவிட, ‘இரண்டுக்கும் எது பொது, செயலா, பயனா, வடிவா, நிறமா?’ என்று கேட்பது ஆயிரம் மடங்கு பயனுள்ளது. அடுத்த படி, எது பொது இல்லை என்று கேட்பது. புலி போலப் பாய்ந்தவனிடம் புலியின் எது இல்லை? சில உவமைகள் அந்தக் கேள்விக்குப் பின்தான் முழுதாகத் திறக்கும். உருவகம் முதலான பிற பெயர்கள் தேவைப்படும்போது வந்து சேரட்டும். பிள்ளை கண்ட பொருளுக்குப் பெயர் சூட்ட அவை உதவும்.

ஏழு, எட்டாம் வகுப்புக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் எடுக்கும் பாட்டு புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பழந்தமிழ் என்று அஞ்ச வேண்டாம். ஐந்தே வரி.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அற்றை அன்று, இற்றை இன்று, எந்தை எம் தந்தை, குன்று மலை. அன்று வெண்ணிலவில் எங்கள் தந்தை இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இன்று வெண்ணிலவில் முரசு முழங்கும் வேந்தர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள், தந்தையும் இல்லை. பேசுபவர்கள் தந்தையை இழந்த பெண் பிள்ளைகள் என்று மட்டும் சொல்வேன். பாரியின் கதை, பறம்பு மலை, முற்றுகை எல்லாம் பிறகு.

வேலை இதுதான். மாறாமல் இருப்பதை ஒரு நிறத்திலும் மாறியதை இன்னொரு நிறத்திலும் வட்டமிட வேண்டும். திங்கள், வெண்ணிலவு, எந்தை, குன்று எல்லாம் இரண்டு பாதியிலும் இருக்கின்றன. மாறியது ‘அ’ என்ற ஓரெழுத்து ‘இ’ ஆனது, ‘உடையேம்’ ‘இலமே’ ஆனது. ஒரு குடும்பத்தின் முழு அழிவும் ஓரெழுத்து மாற்றத்தில் நிற்கிறது. பிறகு, ‘துயரத்தைச் சொல்லும் சொல் எது?’ என்று கேளுங்கள். தேடுவார்கள், கிடைக்காது. அழுதோம் என்று இல்லை, ஐயோ என்று இல்லை. அப்படியானால் நமக்கு ஏன் நெஞ்சு கனக்கிறது? நிலவு மாறவில்லை என்பதால்தான் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். நிலவும் தேய்ந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்றான் ஒருவன், பன்னிரண்டு வயதில்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை அவர்களாகக் காணும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். முதல் பாதியில் தந்தை முதலில் வருகிறார், குன்று பிறகு. இரண்டாம் பாதியில் குன்று முதலில் போகிறது, தந்தை கடைசியில். வரிசையை மாற்றி, ‘எந்தையும் இலம், குன்றும் கொண்டார்’ என்று முடித்துப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டு மலையைப் பற்றியதாகிவிடும். இப்போது உள்ளபடி, சொல்ல முடியாததைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போய், வேறு வழியில்லாமல் ‘எந்தையும் இலமே’ என்று சொல்லிவிட்டு நிற்கிறார்கள். அதே மாற்றிப் பார்க்கும் கருவிதான். முன்பு சொல்லை மாற்றினோம், இப்போது வரிசையை.

பாரியின் கதையைச் சொன்னபின் ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்ற இடத்துக்குத் திரும்புங்கள். மூவேந்தரும் அவனைப் போரில் வெல்ல முடியாமல் சூழ்ச்சியால் கொன்றார்கள் என்பது மரபு. அப்படியானால் ‘வென்று’ என்ற சொல்லை அந்தப் பெண்கள் எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள்? நாலு பேரை நாலு விதமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குரலைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்குவதைவிட இது நன்றாகப் புரியவைக்கும்.

இந்தப் பாட்டுக்கு மூன்று பாடவேளை எடுப்பேன். பாடத்திட்டம் முடியாதே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். மூன்று பாட்டை ஒரு பாடவேளையில் முடித்தால் மூன்றும் கையில் நிற்பதில்லை. ஒரு பாட்டை முழுதாகத் திறந்து பார்த்த வகுப்பு, அடுத்த ஐந்து பாட்டுகளைப் பாதி நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும்.

புதுக்கவிதைக்கு வேறொரு வழி வைத்திருக்கிறேன். வகுப்புக்காக நான் எழுதிய வரிகளை உரைநடைபோல் ஒரே மூச்சில் பலகையில் எழுதுவேன். ‘பூட்டிய வீட்டு வாசலில் நேற்றைய செய்தித்தாளின் மேல் இன்றைய செய்தித்தாள் அதன் மேல் பூனை.’ இதை அவரவர் விருப்பப்படி வரிகளாக உடைக்க வேண்டும். ஒரு பிள்ளை ‘பூனை’யைத் தனி வரியில் விடும். இன்னொன்று ‘பூட்டிய’ என்பதைத் தனியாக நிறுத்தும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படித்தால், ஒன்றில் பூனை தனித்துப்போகிறது, மற்றதில் வீடு. வரி முறிவது வெறும் அச்சு வசதி அல்ல என்று அதன் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இலக்கியக் கல்வியில் ஆழமாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் அமெரிக்க அறிஞர் லூயிஸ் ரோசன்பிளாட். அவர் தரும் எடுத்துக்காட்டு இது. குழந்தை நஞ்சைக் குடித்துவிட்டது, தாய் புட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்கிறாள். அவளுக்கு வேண்டியது மாற்று மருந்தின் பெயர். அதை எடுத்துக்கொண்டதும் படிப்பு முடிந்தது. படித்தபின் எடுத்துச்செல்ல வேண்டியதற்காகப் படிப்பது ஒரு வகை, படிக்கும்போதே வாழ்ந்து பார்ப்பது இன்னொரு வகை என்று அவர் பிரித்தார். கவிதை இரண்டாவது வகை. ‘இப்பாடலின் மையக் கருத்து யாது?’ என்று முதல் கேள்வி கேட்கும்போது கவிதையை அந்தச் சீட்டைப்போல் படிக்கச் சொல்கிறோம். மையக் கருத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கடைசிக் கேள்வியாக வரட்டும். சொற்களைப் பார்த்து முடித்த வகுப்பிடம் கேட்டால் ‘தந்தையின் மறைவு’ என்று எழுத மாட்டார்கள். ‘எல்லாம் போனபிறகும் நிலவு அப்படியே இருப்பது எவ்வளவு வலி’ என்று எழுதுவார்கள்.

எழுதவைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேசும்போது இவ்வளவு நுட்பமாகப் பேசிய பிள்ளை தாளை எடுத்ததும் பழைய வாக்கியத்துக்கே போய்விடும். எழுதும்போது வேறு மொழி பேச வேண்டும் என்று அது நினைக்கிறது. ஆகவே முதல் சில வாரங்கள் ஒரே பத்தி, அதுவும் ஒரே சொல்லைப் பற்றி மட்டும். சொல்லை எழுது, அதன் இடத்தில் வேறென்ன வந்திருக்கலாம் என்று எழுது, வந்திருந்தால் என்ன போயிருக்கும் என்று எழுது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண்டின் தொடக்கத்தில் ‘இப்பாடலில் நிலவு அருமையாக வர்ணிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினாள். ஆறு வாரம் கழித்து அவள் எழுதியது: ‘நிலவைப் பற்றி வெண்மை என்ற ஒன்றைத்தான் சொல்கிறார்கள். அழகு என்று சொல்லவில்லை. அழகு என்று சொல்லியிருந்தால் அவர்கள் நிலவை ரசிப்பது போல இருக்கும். இவர்கள் ரசிக்கவில்லை, எண்ணிப் பார்க்கிறார்கள்.’ இதில் எந்த அணியின் பெயரும் இல்லை. நான் முழு மதிப்பெண் போட்டேன்.

ஆராய்வதற்குக் கிட்டத்தட்ட அதே அளவு முக்கியம், தாங்களே எழுதிப் பார்ப்பது. அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோச் நியூயார்க்கில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்து, பெரியவர்களின் கவிதைகளையே அவர்களுக்குக் கொடுத்தார். கவிதையின் நடு எண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்களையும் எழுதவைத்தார். அந்த அனுபவத்தை 1973இல் நூலாகவும் எழுதினார். புறநானூற்றுப் பாட்டுக்குப் பிறகு நான் கொடுக்கும் வேலை: அன்றும் இன்றும் மாறாத ஒரு பொருளை எடுத்துக்கொள், அதன் கீழ் மாறிப்போன ஒன்றை வை, வருத்தத்தைச் சொல்லும் எந்தச் சொல்லும் வரக் கூடாது. ஒரு பிள்ளை பழைய மிதிவண்டியை எழுதியது, இன்னொன்று பிரிந்துபோன தோழியின் மேசையை. எழுதியபின் மூலப் பாட்டுக்குத் திரும்பினால், அந்த ஐந்து வரி எவ்வளவு கடினமான வேலை என்று கைக்கே தெரிந்திருக்கும்.

மனப்பாடத்தை நான் எதிர்ப்பவன் அல்ல. நாவில் இருக்கும் பாட்டு வாழ்நாள் முழுக்கக் கூட வரும். ஆனால் வரிசை முக்கியம். திறந்து பார்த்தபின் மனப்பாடம் செய்யட்டும். அப்போது அது எளிதாகவும் ஏறும், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும்.

மதிப்பீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாட்டைக் கேட்டவுடன் சொல்லும் முதல் எண்ணத்துக்கு ஒருபோதும் மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. எழுதியதில் மூன்றைப் பார்க்கிறேன். பாட்டின் சொல் மேற்கோளாக வந்திருக்கிறதா, ‘ஏனென்றால்’ என்பதற்குப் பின் பிள்ளையின் சொந்தக் காரணம் இருக்கிறதா, பாட்டின் இரண்டு இடங்களை இணைத்துப் பார்த்திருக்கிறதா. மூன்றாவது இருந்தால் அதற்குத்தான் அதிக மதிப்பெண். ‘அழகாக’, ‘அருமையாக’, ‘சிறப்பாக’ மூன்றையும் ஒரு பருவம் முழுக்க விடைத்தாளில் தடை செய்துவிடுங்கள். தேர்வில் எதுகை, மோனை, அணி என்று தலைப்பிட்டு எழுத வேண்டியிருந்தால், தலைப்பின் கீழ் எடுத்துக்காட்டும் அதன் வேலையும் இரண்டு வாக்கியத்தில் வரட்டும். கண்டதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தலைப்புக்கு ஏற்ப எழுதுவது பெரிய பாடு இல்லை.

நாளைக்கே தொடங்குவதானால் நூறாவது குறளை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதி, ‘கவர்ந்’ வரும் இடத்தில் மட்டும் சொல்லை எழுதாமல் வெறும் கோடு போட்டு விடுங்கள். குறளைத் தெரிந்த பிள்ளைகளிடம் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், மற்றவர்கள் அந்த இடத்துக்குச் சொற்களைச் சொல்லட்டும், அத்தனையையும் பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். கடைசியில் வள்ளுவர் போட்ட சொல்லை நடுவில் எழுதிவிட்டு ஒதுங்கி நின்று, பத்துவரை எண்ணுங்கள்.